கல்லோடு கல்லாய்: ஓடையில் ஒளிந்திருக்கும் குடம்பிகள்

கடந்த பெப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையிலிருந்து உள்ளங்கை அளவான கல் ஒன்றை எடுத்து, வெள்ளை ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றில் வைத்தேன். இரண்டு விரல் உயரத்துக்கு ஓடைத் தண்ணீர் ஊற்றினேன். பாடசாலையின் விஞ்ஞானக் கண்காட்சிக்கு ‘எங்கள் ஓடையின் பூச்சிகள்’ என்றொரு காட்சிப்பலகை செய்து தருவதாக நான் பொறுப்பேற்றிருந்தேன். பத்து நிமிடம் அந்தக் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பாசியும் மணலும் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

பின்கட்டுப் படியில் இருந்த உம்மும்மா எட்டிப் பார்த்தார்.

“என்ன மகள், கல்லையா கழுவுற?”

“பூச்சி தேடுறன் உம்மும்மா. ஒண்ணுமே இல்ல.”

“இல்லாம எங்க போக? அந்தக் காலத்துல நாங்க இந்த எலயிலதான் வுழூச் செய்வோம். கால வச்சா விரலுக்கு இடையில ஊரும்.”

ஓடையை எங்கள் ஊரில் ‘எல’ என்றுதான் சொல்வோம். சிங்களத்தில் இருந்து வந்து எங்கள் வாயில் தங்கிவிட்ட சொல் அது. கண்டி மாவட்டத்து மலையொன்றில் ஊற்றெடுத்து, ஊரைக் கடந்து, கடைசியில் மகாவலியோடு சேர்கிறது எங்கள் எல.

சலிப்போடு பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. கல்லின் ஓரத்தில் இருந்த சிறு மணல் குவியல் ஒன்று நடக்கத் தொடங்கியது. கல்லில் ஒன்றுமே இல்லை என்று பத்து நிமிடமாக நான் முடிவு கட்டியிருந்தேன். ஆனால், பார்க்கத் தெரியாதவளாக இருந்தது நான்தான்.

அந்தப் பார்வையை எப்படிப் பழகிக்கொள்வது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன். அதைப் பழகியதால் எங்கள் வீட்டில் ஏற்பட்ட ஒரு சங்கடத்தையும் கடைசியில் சொல்வேன்.

குடம்பியும் அணங்கும்

முதலில் பெயர்கள். பூச்சிகளில் ஒரு பகுதியினவற்றின் குஞ்சுகள் தாயைப் போல் இருப்பதே இல்லை. முட்டையில் இருந்து குடம்பி, பிறகு கூட்டுப்புழு, பிறகு நிறைவுடலி என்று முற்றாக மாறுகின்றன. வண்டுகள், ஈக்கள், நுளம்புகள், கேடிஸ்ஃபிளைகள் இவ்வகை. இன்னொரு பகுதியினவற்றுக்குக் கூட்டுப்புழுப் பருவம் இல்லை. ஒவ்வொரு முறை தோல் கழற்றும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து நிறைவுடலியாகின்றன. தும்பிகள், மேஃபிளைகள், ஸ்டோன்ஃபிளைகள் இவ்வகை. இவற்றின் இளம் பருவத்தை அணங்கு என்று எங்கள் பாடத்தில் படிக்கிறோம். ஓடையில் இரண்டும் உண்டு. தலைப்பில் சுருக்கமாகக் குடம்பி என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

நாம் தோட்டத்தில் காணும் தும்பி தன் வாழ்வின் கடைசிப் பகுதியை மட்டுமே வெளியில் கழிக்கிறது. மேஃபிளையின் நிலை இன்னும் வியப்பானது. தண்ணீரில் மாதக்கணக்கில் வளர்ந்த பின் சிறகோடு வெளிவந்து, ஒரு சில மணித்தியாலங்களோ ஒரு சில நாட்களோ மட்டும் வாழ்கிறது. அதற்கு உண்ணக்கூடிய வாயுறுப்புகளே இருப்பதில்லை. ஆகவே இந்தப் பூச்சிகளை அறிய விரும்புகிறவர் வானத்தைப் பார்ப்பதை விடக் கல்லின் அடியைப் பார்ப்பது நல்லது.

ஏன் ஒளிகின்றன?

ஓடையில் இவற்றைத் தின்பவை ஏராளம். மீன்கள், நண்டுகள், இறால்கள் மட்டுமல்ல, பெரிய குடம்பிகளே சிறியவற்றைத் தின்கின்றன. ஓடித் தப்புவதென்றால் ஓடுகிற தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விடும். எனவே பெரும்பாலானவை ஒட்டிக்கொள்வதையும் ஒளிந்துகொள்வதையும் ஒருசேரச் செய்கின்றன.

அவை ஒளியும் வழிகளை நான்காகப் பிரிக்கலாம். முதலாவது நிறம்: பாசி படிந்த கல்லின் கபிலமும் பச்சையும் கலந்த புள்ளிகள் உடலிலேயே இருக்கும். இரண்டாவது தட்டை: உடலின் ஓரம் கல்லோடு படிந்திருப்பதால் நிழல் விழாது. நிழல் இல்லாத ஒன்றைக் கண் எளிதில் பிரித்தறியாது. மூன்றாவது போர்வை: மணலாலோ இலையாலோ வீடு கட்டிக்கொள்வது, அல்லது உடல் மயிரில் சேற்றைப் படியவிடுவது. நான்காவது அசையாமை: கல்லைத் தூக்கியவுடன் பல குடம்பிகள் அப்படியே உறைந்துவிடுகின்றன. அந்தச் சனிக்கிழமை என்னை ஏமாற்றியது இந்த நான்காவது வழிதான்.

தேடும் முறை

விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். வெள்ளை அடியுள்ள பெட்டி ஒன்று, பழைய தேத்தண்ணி வடி, பிளாஸ்டிக் கரண்டி, மென்மையான பழைய பற்தூரிகை, கைவில்லை. கைவில்லை இல்லாவிட்டால் தொலைபேசிக் கமராவால் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

கற்களுக்கு மேலே சலசலத்து ஓடும் ஆழமற்ற இடத்தைத் தெரிவு செய்யுங்கள். அங்கு நீரில் ஒட்சிசன் அதிகம். கல்லைத் தூக்கும்போது அதன் கீழ்ப்புறமாக, தண்ணீர் ஓடிவரும் திசையை நோக்கி வடியைப் பிடியுங்கள். கல்லை விட்டு நழுவுபவை அதற்குள் விழும். பிறகு கல்லை நீரோடு வெள்ளைப் பெட்டியில் வைத்து, இரண்டு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். உறைந்திருந்தவை தண்ணீர் அமைதியானதும் நகரத் தொடங்கும். அதன் பின் பற்தூரிகையால் கல்லை மெதுவாகத் துடைத்தால் ஒட்டிக்கொண்டிருப்பவையும் இறங்கும்.

சில எச்சரிக்கைகள். தனியே போகாதீர்கள். நான் தம்பியையோ உம்மாவையோ அழைத்துக்கொண்டுதான் இறங்குவேன். மலையில் மழை பெய்தால் இங்கே வெயிலடித்தாலும் தண்ணீர் சடுதியாக உயரும். காலில் காயம் இருந்தால் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் பரவுவது இப்படித்தான். பெட்டியை நிழலில் வையுங்கள். தண்ணீர் சூடானால் அதிலுள்ள ஒட்சிசன் குறைந்து அவை இறந்துவிடும். பார்த்து முடிந்ததும் குடம்பிகளையும் கல்லையும் எடுத்த இடத்திலேயே, எடுத்த விதமாகவே வைத்துவிடுங்கள். ஒரு கல்லின் அடி என்பது பலருக்கு வீடு. பாதுகாக்கப்பட்ட வனங்களில் அனுமதியில்லாமல் எதையும் பிடிக்கக் கூடாது.

அடையாளம் காட்டும் ஐந்து கேள்விகள்

ஒளிந்திருப்பதைத் தேடும்போது பூச்சியின் உருவத்தைத் தேடினால் கிடைக்காது. உருவத்தைத்தானே அது மறைத்து வைத்திருக்கிறது! அதற்குப் பதிலாக ஒழுங்கைத் தேட வேண்டும். கல்லும் சேறும் சருகும் ஒழுங்கில்லாதவை. உயிரில் ஒழுங்கு உண்டு. ஒரு புறம் போலவே மறுபுறமும் இருக்கும். வரிசையான கோடுகள் இருக்கும். சம அளவான மணல்கள் அடுக்கப்பட்டிருக்கும். சந்தேகமான ஒன்றைக் கண்டதும் நான் கேட்கும் கேள்விகள் இவை.

ஒன்று: மூட்டுள்ள ஆறு கால்கள் உண்டா? இரண்டு: அது சுமந்து திரியும் வீடு உண்டா? மூன்று: வால் இழைகள் எத்தனை? நான்கு: சுவாச உறுப்புகளான பூக்கள் உடலில் எந்த இடத்தில் இருக்கின்றன? ஐந்து: காலின் நுனியில் நகம் ஒன்றா, இரண்டா?

நான்காவது கேள்வியில் வரும் சொல்லைக் கவனியுங்கள். இந்தியத் தமிழ் நூல்களில் செவுள் என்பதை எங்கள் பாடநூல்கள் பூ என்கின்றன. மீனை அறுக்கும்போது எங்கள் வீட்டிலும் அதைப் பூ என்றுதான் சொல்வார்கள். மேஃபிளை அணங்கின் இரு பக்கமும் வரிசையாக அசையும் பூக்களைக் கைவில்லையில் பார்த்த அன்றைக்குத்தான் அந்தப் பெயரின் பொருத்தம் எனக்கு விளங்கியது.

வீடு கட்டுபவை

அன்று நடந்த மணல் குவியல் ஒரு கேடிஸ்ஃபிளைக் குடம்பி. இவற்றின் வருணம் டிரைகொப்டெரா. கிரேக்கத்தில் ‘மயிர்ச் சிறகு’ என்று பொருள். குடம்பியின் வாய்ப்பகுதியில் இருந்து பட்டு இழை வருகிறது. நீருக்கு அடியிலும் ஒட்டக்கூடிய அந்த இழையால் மணல், சிறு குச்சி, இலைத்துண்டு ஆகியவற்றை இணைத்துக் குழாய் போன்ற வீடு கட்டுகிறது. வளர வளர முன்பக்கத்தில் வீட்டையும் நீட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒவ்வொரு கட்டட முறை. ஒன்று மணலை உருளையாக அடுக்கும். இன்னொன்று இரண்டு இலைத்துண்டுகளை நீள்வட்டமாக வெட்டி, பெரியதை மேலேயும் சிறியதைக் கீழேயும் வைத்துத் தைத்து நடுவில் இருந்துகொள்ளும். சருகுக் குவியலில் அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி அந்த இலையின் ஓரத்தைப் பார்ப்பதுதான். உதிர்ந்த இலை அவ்வளவு ஒழுங்காகக் கிழிவதில்லை.

இந்த ஒளிப்பில் ஏமாந்தவள் நான் மட்டுமல்ல. 1834ஆம் ஆண்டில் ஐசக் லீ என்ற அமெரிக்கச் சிப்பி, நத்தை ஆய்வாளர், மணல் ஒட்டிய சுருள் வடிவான ஓடு ஒன்றைக் கண்டு, அது புதிய நத்தை இனம் என்று விவரித்தார். ‘மணல் சுமப்பது’ என்று பொருள்படும் அரெனிஃபெரா என்ற பெயரையும் அதற்கு வைத்தார். அது நத்தையே அல்ல, ஹெலிகொப்சைகி என்ற கேடிஸ்ஃபிளைக் குடம்பி மணலால் கட்டிய வீடு. இந்தச் சாதி இலங்கையிலும் உண்டு. நத்தையா இதுவா என்று அறிய, பெட்டியில் வைத்துக் காத்திருங்கள். நத்தை வழுக்கிக்கொண்டு வரும். இது ஆறு கால்களை வெளியே நீட்டும்.

கேடிஸ்ஃபிளைகளில் வீடு சுமக்காதவையும் உண்டு. ஹைட்ரொப்சைகிடே குடும்பத்தவை கற்களுக்கு இடையே பட்டால் வலை விரித்து, அடித்துவரும் உணவுத் துணிக்கைகளை அதில் பிடிக்கின்றன. தண்ணீருக்குள் பார்க்கும்போது வலை சேறு பிடித்த நூலாம்படை போலிருக்கும். கல்லை வெளியே எடுத்ததும் அது சுருங்கிச் சேறாகவே மாறிவிடும். ஆகவே வலையைப் பார்க்க வேண்டுமானால் கல்லைத் தூக்க முன் பார்க்க வேண்டும்.

1958ஆம் ஆண்டில் ஃபெர்னான்ட் ஷ்மிட் என்ற ஆய்வாளர் இலங்கையின் கேடிஸ்ஃபிளைகளைப் பற்றி விரிவான ஆய்வொன்றை வெளியிட்டார். பெரும்பாலான இனங்கள் சிறகுள்ள நிறைவுடலியை வைத்தே விவரிக்கப்பட்டவை. குடம்பியை மட்டும் வைத்து இனப்பெயர் சொல்வது மிகக் கடினம். நம்மைப் போன்ற மாணவிகள் வருணம் வரை, முடிந்தால் குடும்பம் வரை சொன்னால் போதும். “தெரியாத பெயரை எழுதாதே, தெரிந்ததை வரைந்து வை” என்றார் எங்கள் உயிரியல் டீச்சர்.

தட்டையானவை

வேகமான நீரில் கிடக்கும் கல்லின் அடியில், கல்லில் வரைந்த படம் போல ஒன்று பக்கவாட்டில் வழுக்கி மறுபக்கம் போகும். அது ஹெப்டஜெனிடே குடும்பத்து மேஃபிளை அணங்கு. தலை தட்டை, உடல் தட்டை, கால்கள் நண்டுக் கால்கள் போல இரு பக்கமும் விரிந்திருக்கும். கண்கள் தலையின் மேற்புறத்தில் இருக்கும். மேஃபிளைகளில் பெரும்பாலானவற்றுக்கு மூன்று வால் இழைகள், சிலவற்றுக்கு இரண்டு. ஆகவே வாலை மட்டும் எண்ணி முடிவுக்கு வரக்கூடாது. பூக்கள் வயிற்றின் இரு பக்கமும் இருந்தால், காலில் ஒரே நகம் இருந்தால் அது மேஃபிளை. வால் எப்போதும் இரண்டாகவும், பூக்கள் இருந்தால் அவை கால்களின் அடியில் நார்க்குஞ்சம் போலவும், நகம் இரண்டாகவும் இருந்தால் அது ஸ்டோன்ஃபிளை. இலங்கையில் ஸ்டோன்ஃபிளை இனங்கள் மிகச் சிலவே. எங்கள் எலயில் ஒரே ஒருமுறைதான் கண்டேன்.

இவற்றை விடத் தந்திரமானது ஒரு வண்டின் குடம்பி. செஃபெனிடே குடும்பத்தைச் சேர்ந்த இதற்கு ஆங்கிலத்தில் ‘தண்ணீர்க் காசு’ என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. பழைய சதம் போல வட்டமாக, செம்பு நிறமாக, கல்லில் அப்பிக் கிடக்கும். தலையும் கால்களும் பூக்களும் அந்தத் தட்டின் அடியில். மேலிருந்து பார்த்தால் உயிர் என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் தட்டின் குறுக்கே சம இடைவெளியில் கோடுகள் தெரியும். நான் சொன்ன ஒழுங்கு இதுதான். மெல்லிய தூரிகை நுனியால் ஓரத்தைக் கிளப்பித் திருப்பினால் ஆறு கால்களும் தெரியும்.

சேற்றைப் போர்த்தியவை

ஓட்டம் குறைந்த ஓரங்களில் சருகும் வண்டலும் படிந்திருக்கும். அங்கே தும்பி அணங்குகளைத் தேடுங்கள். சிலவற்றின் உடலெங்கும் மயிர். அதில் வண்டல் படிந்து சேற்றுக் கட்டி போலவே கிடக்கும். சில மணலுக்குள் புதைந்து கண்ணையும் உடலின் பின்நுனியையும் மட்டும் வெளியே வைத்திருக்கும். முகத்தைத் திருப்பிப் பார்த்தால் கீழ் உதடு முகமூடி போல மடிந்திருக்கும். இரை அருகே வந்ததும் அந்த உதடு கை நீட்டுவது போல் பாய்ந்து பிடிக்கும். ஊசித்தும்பியின் அணங்கு மெலிந்தது. பெரும்பாலானவற்றின் வால் நுனியில் இலை போன்ற மூன்று பூக்கள் இருக்கும். தும்பியின் அணங்கில் அவை இல்லை. அது தன் குடலின் பின்பகுதிக்குள் நீரை இழுத்துச் சுவாசிக்கிறது. பயந்தால் அந்நீரைப் பீச்சி முன்னே பாய்கிறது. பெட்டியில் கிடக்கும் சேற்றுக்கட்டி திடீரென்று பாய்ந்தால் திடுக்கிடாதீர்கள்!

கடைசியாக, கால் இல்லாதவை. கைரோனொமிடே குடும்பத்து ஈக்களின் குடம்பிகள் சேற்றால் செய்த மெல்லிய குழாய்களுக்குள் வாழ்கின்றன. அவற்றில் சில இரத்தச் சிவப்பு. எங்கள் இரத்தத்தில் உள்ளது போன்ற ஈமோகுளோபின் அவற்றின் உடலிலும் உண்டு. அதனால் ஒட்சிசன் மிகக் குறைந்த சேற்றிலும் அவற்றால் வாழ முடிகிறது. இந்தச் சிவப்புப் புழுவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒளிந்திருக்கிறதா, இல்லாமற் போயிற்றா?

கண்காட்சிப் பலகைக்காக இரண்டு இடங்களில் தேடத் தீர்மானித்தேன். ஒன்று, ஊரின் முதல் வீட்டுக்கு மேலே, பீலிக்கு அருகில். மற்றது, எங்கள் வரிசையில் உள்ள கடைசி வீட்டுக்குக் கீழே. மேலே எடுத்த கற்களில் மேற்சொன்ன வகைகளில் அநேகமாக எல்லாம் கிடைத்தன. கீழே எடுத்த கற்களில் சாம்பல் நிற வழுவழுப்பும் சில சிவப்புப் புழுக்களும் மட்டுமே.

எனக்கு உடனே வந்த எண்ணம், நான் சரியாகப் பார்க்கவில்லை என்பதுதான். ஏனென்றால் ஒளிந்திருப்பதும் இல்லாமற் போனதும் முதற் பார்வைக்கு ஒரே மாதிரித்தான் தெரியும். இரண்டையும் வேறுபடுத்த வேண்டுமானால் தேடும் முறை ஒன்றாக இருக்க வேண்டும் என்று டீச்சர் சொன்னார். இரண்டு இடத்திலும் ஒரே அளவான பத்துக் கற்கள், ஒரே ஆழம், ஒரே வேகம், ஒரே அளவு நிழல். ஒவ்வொரு கல்லுக்கும் அதே இரண்டு நிமிடக் காத்திருப்பு. கனமழைக்குப் பிறகு செய்யக்கூடாது, வெள்ளம் பலவற்றை அடித்துச் சென்றிருக்கும். அப்படி மூன்று சனிக்கிழமைகள் செய்தேன். மேலே ஒன்பது வகைகள். கீழே இரண்டு. மூன்றாவது சனிக்கிழமை நான் நம்பினேன்: அங்கே அவை ஒளிந்திருக்கவில்லை, இல்லை.

காரணம் பாடநூலில் இருந்தது. 20 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் நீரில் கரையக்கூடிய ஒட்சிசன் ஏறத்தாழ 9 மில்லிகிராம்தான். அதே அளவு காற்றில் உள்ளதில் இது முப்பதில் ஒரு பங்கு. அரிசி களைந்த தண்ணீர், எண்ணெய், சோற்றுப் பருக்கை, சவர்க்காரம் எல்லாம் கலந்த அடுப்படித் தண்ணீர் ஓடையில் விழும்போது, அதிலுள்ள சேதனப் பொருள்களைப் பற்றீரியாக்கள் சிதைக்கின்றன. அதற்கு அவை அந்தச் சொற்ப ஒட்சிசனைப் பயன்படுத்துகின்றன. அவற்றின் படலம் கல்லையும் மூடுகிறது. கல்லில் ஒட்டி வாழ்பவற்றுக்கு மூச்சும் போகிறது, இடமும் போகிறது. சிவப்புப் புழு மட்டும் மிஞ்சுகிறது.

விஞ்ஞானிகள் இதைக் கொண்டே ஆறுகளை அளக்கிறார்கள். 1970களில் பிரித்தானியாவில் உருவாகத் தொடங்கிய ஒரு முறையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை புள்ளி உண்டு. தட்டையான ஹெப்டஜெனிடே மேஃபிளைக்கு 10, கைரோனொமிடேக்கு 2, மண்புழுவின் நீர்வாழ் உறவினர்களுக்கு 1. அந்தப் புள்ளிகள் அந்நாட்டு ஓடைகளுக்காக வகுக்கப்பட்டவை. அப்படியே எங்கள் எலக்கு வைக்க முடியாது. ஆனால் எது முதலில் போகும், எது கடைசி வரை நிற்கும் என்ற வரிசை நமக்கும் உதவும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேஃபிளை இருக்கிறது என்பதற்காக அந்தத் தண்ணீர் குடிக்க உகந்தது என்று அர்த்தமில்லை. நோய்க் கிருமியைப் பற்றிக் குடம்பிகள் நமக்கு எதுவும் சொல்வதில்லை. கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும்.

எங்கள் குழாய்

நாலாவது சனிக்கிழமை, வகைகள் எந்த இடத்தில் குறையத் தொடங்குகின்றன என்று பார்க்க மேலிருந்து கீழே கல் கல்லாக வந்தேன். பீலிக்கு அருகில் எல்லாம் இருந்தன. வாகை மரத்தடியிலும் இருந்தன. அதற்குக் கீழே மணல் வீடுகள் மறைந்தன, தண்ணீர்க் காசுகள் மறைந்தன. நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் அடுப்படிக் குழாய்.

அதை நான் தினமும் பார்க்கிறேன். நாலு வருடத்துக்கு முன் வாப்பா அடுப்படியைப் பெரிதாக்கியபோது தன் கையாலேயே பதித்த குழாய். உம்மா வாளியில் தண்ணீர் சுமந்து வெளியே ஊற்றும் கஷ்டம் அன்றோடு தீர்ந்தது. எங்களுக்குக் கீழே இன்னும் நாலு வீட்டுக் குழாய்கள் உண்டு. ஆனால் முதலாவது எங்களுடையது. கண்காட்சிப் பலகையில் ‘மனிதச் செயற்பாடுகள்’ என்று எழுதிவைத்திருந்தேன். அந்த மனிதர்கள் எங்கோ இருப்பவர்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

வாப்பாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இரண்டு நாள் இருந்தேன். பிறகு குழாய்க்கு மேலே எடுத்த கல்லை ஒரு பெட்டியிலும் கீழே எடுத்த கல்லை இன்னொரு பெட்டியிலும் வைத்து, அவர் மஃரிப் தொழுதுவிட்டு வந்ததும் மேசையில் வைத்தேன். வெறுங்கல்லைக் காட்டுகிறேன் என்று முதலில் சிரித்தார். இரண்டு நிமிடம் பொறுக்கச் சொன்னேன். முதல் பெட்டியில் மணல் நடந்தது. செம்புக் காசு நகர்ந்தது. தலையைக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மற்றப் பெட்டியைப் பார்த்தார். அதிலும் இரண்டு நிமிடம் காத்திருந்தார். ஒன்றும் நகரவில்லை.

“ரெண்டும் ஒரே எலயா மகள்?”

“ஒரே எல வாப்பா. நடுவுல எங்கட குழாய்.”

உம்மாதான் முதலில் பேசினார். “அப்ப நான் திரும்ப வாளி சுமக்கவா?” அது நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இருக்கவில்லை. பூச்சிகளைப் பற்றி மட்டும் யோசித்த நான் உம்மாவின் முதுகைப் பற்றி யோசிக்கவில்லை.

பதில் வாப்பாவிடமிருந்து இரண்டு கிழமைக்குப் பின் வந்தது. எலயில் இருந்து தள்ளி, வாழைகளுக்கு நடுவே குழியொன்று வெட்டினார். பெரிய கல், சிறிய கல், மேலே மணல் என்று நிரப்பி, குழாயை அதற்குள் திருப்பினார். குழாயின் நுனியில் பருக்கைகளை மறிக்கச் சல்லடை ஒன்று. அதைக் கழுவுவது என் வேலை. நாலு வீடுகளில் சாச்சா வீட்டார் மட்டும் அதேபோல் செய்திருக்கிறார்கள். மற்றவர்களிடம் கேட்டிருக்கிறோம். இடமில்லாத வீடும் உண்டு. அவர்களை நான் குறை சொல்ல முடியாது.

இது நடந்து மூன்று மாதமாகிறது. எங்கள் குழாய் இருந்த இடத்துக்கும் அடுத்த குழாய்க்கும் இடையில் முப்பது மீற்றர் அளவு தூரம். அங்கே மீண்டும் பத்துக் கற்கள் எடுத்தேன். சாம்பல் வழுவழுப்பு போய்விட்டது. நீந்தும் சிறு மேஃபிளை அணங்குகள் வந்திருக்கின்றன. இரண்டு கற்களுக்கு நடுவே ஒரு வலை இருந்தது. மேலே வாழ்பவற்றில் சில இரவில் கல்லை விட்டு நீரோடு மிதந்து இறங்கி, நல்ல இடம் கிடைத்தால் அங்கே ஒட்டிக்கொள்கின்றன. எங்கள் இடத்தையும் அவை அப்படித்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும். மணல் வீடும் தண்ணீர்க் காசும் இன்னும் வரவில்லை. வந்திருந்தும் நான் காணவில்லையோ என்று ஒவ்வொரு கல்லையும் இரண்டு முறை பார்க்கிறேன்.

தோழிகளே, உங்கள் ஊரிலும் ஓர் எலயோ ஓடையோ வாய்க்காலோ இருக்கும். மழை குறைந்த ஒரு காலையில், வீட்டில் ஒருவரை அழைத்துக்கொண்டு, ஒரு வெள்ளைப் பெட்டியோடு போங்கள். வீடுகளுக்கு மேலே பத்துக் கற்கள், கீழே பத்துக் கற்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம். கண்டதை ஒரு கொப்பியில் திகதியோடு வரைந்து வையுங்கள். அடுத்த பெப்ரவரியில் நானும் எண்ணுவேன். இரண்டு கொப்பிகளையும் அப்போது ஒப்பிட்டுப் பார்ப்போம்.